சென்னைத் தெருவும் கலையும்

சென்னையின் கலை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சபைகளிலிருந்தே தொடங்குகின்றனர். 1900-இல் திருவல்லிக்கேணியில் தோன்றிய பார்த்தசாரதி சுவாமி சபை, 1928-இல் அமைந்த மியூசிக் அகாடமி, மார்கழிக் கச்சேரிகள் என்று அவ்வரலாறு ஒழுங்காக நடந்து செல்லும். அது மெய்யானதே, பெருமைக்குரியதும் ஆகும். ஆயினும் சபைக்கு வாயிற்கதவு ஒன்று உண்டு. அக்கதவருகே நுழைவுச் சீட்டுக் கேட்பவர் ஒருவரும் உண்டு. கதவு இல்லாத இடங்களில், அதாவது தெருவிலும் கடற்கரையிலும் பூங்காவிலும் குப்பத்திலும், கலை எவ்வாறு வாழ்ந்தது என்பதைச் சொல்லவே நான் இங்கு முற்படுகிறேன். இந்த ஆராய்ச்சியில் நான் கையில் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று. தெருவில் ஒரு சிலையை நிறுத்தும்போதும், சுவரில் ஒரு சித்திரம் தீட்டும்போதும், அத்தெருவில் வாழ்பவரை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா?

தெரு அரங்கமாவது நமக்குப் புதிதன்று. மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவின்போது அறுபத்துமூவர் மாடவீதிகளில் உலா வருவதை நீங்கள் கண்டிருக்கலாம். அன்று நாகசுரம் கேட்கச் சீட்டு வேண்டியதில்லை. பானகமும் நீர்மோரும் விலைக்கு விற்கப்படுவதில்லை. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களிலோ பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கட்டை கட்டிய வேடதாரி கூட்டத்தின் நடுவேயே வந்து நிற்பான். இவற்றை எண்ணி நாம் மகிழலாம். ஆனால் பழங்காலத் தெரு எல்லார்க்கும் திறந்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. பறையை முழக்குவதற்கு அழைக்கப்பட்டவர், அதே தெருவில் நிமிர்ந்து நடக்கத் தடைப்பட்டிருந்த ஊர்கள் பல. ஆலய நுழைவுச் சட்டமே சென்னை மாகாணத்தில் 1939-இல்தான் வந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் தெருவுக்கு வேறொரு கலை வந்தது. அது வெண்கலத்திலும் சலவைக்கல்லிலும் வந்தது. தீவுத்திடல் அருகே 1839-இல் நிறுவப்பட்ட தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை அவற்றுள் புகழ் மிக்கது. சேணமும் அங்கவடியும் இல்லாமலே மன்றோ குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். சான்ட்ரி என்னும் ஆங்கிலச் சிற்பி அவ்வாறு வடித்தது ஏன் என்று இரு நூற்றாண்டுகளாகச் சென்னைவாசிகள் வம்பளந்து வருகின்றனர். மன்றோ மக்கள் மதிப்பைப் பெற்ற ஆளுநர். ஆதலால் அந்தச் சிலையை எவரும் வெறுக்கவில்லை. இன்றும் அது அங்கேயே நிற்கிறது.

ஆனால் மவுண்ட் ரோடில் நின்ற மற்றொரு சிலையின் கதை வேறு. சென்னைப் படைப்பிரிவு ஒன்றின் தலைவனாக 1857-இல் வடக்கே சென்ற நீல் என்பவன், அலகாபாத்திலும் கான்பூரிலும் இழைத்த கொடுமைகள் வரலாற்றில் பதிந்துள்ளன. அவன் அவ்வாண்டே இலக்னோவில் இறந்தான். சில ஆண்டுகளில் அவனுக்குச் சென்னையின் தலைமைச் சாலையிலே சிலை எழுந்தது. அச்சாலையில் நாள்தோறும் நடந்தவர் யாருக்கும் அதில் பங்கில்லை. அவர்களை யாரும் கேட்கவுமில்லை. 1927-இல் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியும் ஏந்தி வந்து அச்சிலையைத் தாக்கினர், சிறை சென்றனர். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறுமகளோடு அப்போராட்டத்தில் கலந்துகொண்டார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள் போராட்டத்தின் நோக்கத்தை ஏற்று, அகிம்சை நெறி பிறழலாகாது என்று அறிவுறுத்தினார். பத்தாண்டுகள் கழித்து, 1937-இல் இராஜாஜியின் அமைச்சரவை பதவியேற்ற பின்னரே நீல் சிலை பெயர்க்கப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. உடைத்தெறியாமல் அருங்காட்சியகத்தில் வைத்தது நல்ல முடிவு என்பதே என் கருத்து. வரலாற்றுச் சான்றாக அது இருக்கட்டும். வழிபாட்டுப் பொருளாகத் தெரு நடுவில் இருக்க வேண்டியதில்லை.

சிலைப் போராட்டம் நடந்த அதே ஆண்டில் இந்நகரில் ஒரு சிறு நிறுவனம் பணமின்றி ஓய்ந்தது. சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முயற்சியால் 1924-இல் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகமே அது. கழகம் தன் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சிக்கு அளித்துவிட்டது. இங்கேதான் நான் மிக விரும்பும் அத்தியாயம் தொடங்குகிறது. மாநகராட்சியின் வேலை சாலையும் சாக்கடையும் குடிநீரும் என்பர். ஆனால் 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து சென்னை மாநகராட்சி ரிப்பன் கட்டடத்திலிருந்து இசையையும் பேச்சையும் ஒலிபரப்பலாயிற்று! வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுக் கூடத்தில் மட்டுமே இருந்த காலம் அது. ஆகவே மெரினாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்தினர். மாலையில் காற்று வாங்க வந்தவரும், வேலை முடிந்து மணலில் சாய்ந்தவரும், சுண்டல் விற்ற சிறுவனும் ஒரே வித்துவானின் பாட்டை ஒரே வேளையில் கேட்டனர். சபையில் முன்வரிசை, பின்வரிசை உண்டு. மணலில் அது இல்லை. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதோடு மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிவுற்றது. எட்டாண்டு வாழ்ந்த அந்தச் சிறு முயற்சிக்கு வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளுக்கு மேல் கொடுப்பதில்லை. கேட்போருக்கு இருந்த தடை அன்று நீங்கியது என்பதை நான் பெரிதாகவே கருதுகிறேன். பாடுவோருக்கு இருந்த தடை நீங்க இன்னும் பல்லாண்டுகள் ஆயின. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

விடுதலைக்குப் பின் கடற்கரைக்கு வந்த முதற் சிலை, 1959 ஜனவரி 25-ஆம் நாள் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையாகும். அதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளத்தவர். 1929 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்தவர். மல்யுத்தம் பயின்ற அவருக்கு மனித உடலின் தசை ஒவ்வொன்றும் எவ்வாறு இறுகித் தளரும் என்பது தெரிந்திருந்தது. நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். அரசரில்லை, ஆளுநரில்லை, பீடத்தில் பொறிக்கத் தனிப்பெயர் எதுவும் இல்லை. சிற்பிக்கு முன்மாதிரியாக நின்றவர்களுள் அப்பள்ளியின் காவலாளியும் ஒருவர் என்பர். நாள்தோறும் பள்ளி வாயிலைக் காத்தவர் நகரத்தின் முகப்பிலே வெண்கலமாகிவிட்டார். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதும் இதே கடற்கரை மணலில்தான். ஆதலால் அச்சிலை இடமறிந்து நின்றது எனலாம். தொழிலாளர் கூட்டங்கள் அதன் அடியில் கூடுவதை யாரும் ஆணையிட்டு உண்டாக்கவில்லை.

1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், வீரமாமுனிவர் முதலியோர் சிலைகள் கடற்கரையில் வரிசையாக எழுந்தன. அவற்றுள் கண்ணகி சிலை 2001-இல் அகற்றப்பட்டு, நகரெங்கும் வாதத்தைக் கிளப்பி, 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டது. ஒரு சிலை தன் இடத்தில் இல்லாதபோதுதான் அதை மக்கள் எவ்வளவு பார்த்து வந்தனர் என்பது புலனாகிறது.

உழைப்பாளர் சிலை எழுந்த 1959-ஆம் ஆண்டிலேயே பொதுவிடச் சுவர்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் சென்னைச் சுவர் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. கட்சி எழுத்தும் திரைப்பட விளம்பரமும் அதன்மேல் மாறி மாறி ஏறின. அவற்றை எழுதியவரை நாம் ஓவியர் என்று மதித்தோமா? சிறு நிழற்படம் ஒன்றில் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, அதே கட்டங்களைப் பெருந்துணியில் பன்மடங்கு பெரிதாக வரைந்து, சாரத்தில் நின்றபடி முகத்தின் ஒரு பகுதியை மட்டும் கண்ணெதிரே கொண்டு முழு முகத்தையும் மனத்தில் வைத்துத் தீட்டுவது எளிய வேலையா? ஒட்டுப்பலகையில் அறுத்து நிறுத்திய நெடும் உருவங்களைப் பார்க்கவே திரையரங்க வாயிலில் கூட்டம் கூடிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கணிப்பொறியில் அச்சிடும் பிளெக்ஸ் பதாகை வந்தது. ஒரு வாரத்து வேலையை ஓரிரு மணி நேரத்தில் முடித்தது. தூரிகை பிடித்தவர்கள் சில ஆண்டுகளுக்குள் வேலையிழந்தனர். 2009-ஆம் ஆண்டையொட்டி மாநகராட்சி அண்ணா சாலை முதலிய பெருஞ்சாலைகளின் சுவர்களில் சுவரொட்டிக்குத் தடை விதித்து, தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டச் செய்தபோது, அவர்களுள் சிலருக்கு மீண்டும் வேலை கிடைத்தது. கோபுரம், காளை, நடனமாது என்று அக்காட்சிகள் பெரும்பாலும் நாள்காட்டிப் படங்களையே ஒத்திருந்தன. ஆனால் அது தீட்டிய கையின் குறையன்று. எதைத் தீட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை அக்கையிடம் இல்லை.

தெருநாடகத்தின் கதை தனியே சொல்லத்தக்கது. 1984-இல் தோன்றிய சென்னைக் கலைக்குழு தொழிற்சாலை வாயிலிலும் தெருமுனையிலும் நாடகம் ஆடியது என்பதோடு இங்கு நிறுத்திக்கொள்கிறேன். 2007-இல் பொங்கலையொட்டிச் சென்னைச் சங்கமம் தொடங்கியது. கரகமும் ஒயிலும் தப்பும் மாவட்டங்களிலிருந்து வந்து பூங்காக்களை நிறைத்தன. சில ஆண்டுகளில் நின்றுபோன அவ்விழா 2023-இல் அரசு விழாவாக மீண்டும் மலர்ந்தது.

ஆனால் விருந்தினராக வந்து ஆடிச் செல்வது வேறு. ஒரு பகுதியில் வாழ்பவரோடு சேர்ந்து விழா எடுப்பது வேறு. பெசன்ட் நகரை அடுத்துள்ள ஊரூர் ஆல்காட்டு குப்பம் மீனவர் ஊர். சாலையின் ஒருபுறம் நகரத்துச் செல்வர் வாழ, மறுபுறம் வலையும் படகும் கிடக்கும் இடம் அது. 2015-இல் இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து அங்கே கட்டணமில்லாக் கலைவிழா நடத்தினர். கருநாடக இசையும் பரதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இசை கேட்பதற்காக மயிலாப்பூரும் மாம்பலமும் குப்பத்துக்கு நடந்து வந்தன. 'மீனவர்க்குச் சங்கீதம் எதற்கு?' என்று சிலர் ஏளனம் செய்தனர். 'மேட்டுக்குடியினர் தம் கலையைத் தானம் செய்ய வந்தனரோ?' என்று வேறு சிலர் ஐயுற்றனர். முதற்கேள்வி மறுமொழிக்குரியதன்று. இரண்டாவது கேள்வி நேர்மையானது. பறையும் கூத்தும் அதே மேடையில் அதே மதிப்போடு நின்றதே அதற்கு ஓரளவு விடை என்பேன். முழு விடை கிடைக்க, குப்பத்தின் பாட்டு மயிலாப்பூர் மேடையிலும் ஏற வேண்டும்.

மற்றொரு முயற்சியையும் பார்ப்போம். நகரின் ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த ஏழை மக்களை அகற்றி, பழைய மாமல்லபுரம் சாலையருகே 2000-ஆம் ஆண்டு முதல் குடியமர்த்திய இடமே கண்ணகி நகர். இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வீடுகள் அங்கு உள்ளன. கூலி வேலையும் வீட்டு வேலையும் செய்துவந்தோர், தம் பிழைப்பிடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வைக்கப்பட்டனர். கடற்கரையிலே நீதி கேட்டு நிற்கும் கண்ணகியின் பெயரை இக்குடியிருப்புக்கு இட்டவர் அதன் பொருத்தத்தை எண்ணினாரோ, அறியேன். 2020-இன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, மாநகராட்சியோடும் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து, அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பெருஞ்சித்திரங்களைத் தீட்டச் செய்தது. சிரிக்கும் சிறுவர் முகங்கள் மாடியளவு உயர்ந்தன. அஞ்சத்தக்க இடம் என்று செய்தித்தாள்களில் பெயரெடுத்த பகுதியைக் காண, நகரத்தார் முதன்முறையாக விரும்பி வந்தனர். அதை நான் சிறிதாக எண்ணவில்லை. வேலைக்குப் போன இடத்தில் முகவரியைச் சொல்ல நாணிய இளைஞனுக்கு அது சிறு துணையாகும். ஆனால் குடிநீரும் பள்ளியும் அருகில் வேலையும் வண்ணத்தால் வருவனவல்ல. சுவருக்கு வண்ணம் பூசியபின், அச்சுவருக்குள் வாழ்பவரின் குறை மறைந்துவிட்டதாக நகரம் எண்ணிக்கொள்ளுமாயின், சித்திரம் திரையாகிவிடும்.

பாடுவோருக்கு இருந்த தடையைப் பின்னர்ச் சொல்வேன் என்றேன். வடசென்னையின் கானா, சாவு வீட்டில் இரவு முழுதும் பாடப்பட்டு, விடிந்ததும் மறக்கப்பட்ட பாட்டு. எழுதிவைத்தவர் சிலரே. 2020 டிசம்பரில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவைத் தொடங்கிற்று. சபைக் கச்சேரிகளுக்கே உரியதாயிருந்த மாதத்தில் கானாப் பாடகரும் ஒப்பாரி பாடுவோரும் பறையிசைப்போரும் ஒளிவிளக்குகளின் கீழ் நின்று பாடினர்.

மாணவர்களே, இவ்வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் எழுதப்படவில்லை. சிலைகளுக்குக் கோப்புகள் உண்டு; தெருவில் ஆடியவர்க்கும் சுவரில் எழுதியவர்க்கும் அவை இல்லை. உங்கள் தெருவிலே பழைய கடைப் பெயர்ப்பலகை எஞ்சியிருந்தால், அதன் கீழ்மூலையை உற்றுப் பாருங்கள். 'ஆர்ட்ஸ்' என்று முடியும் ஒரு சிறு கையொப்பம் இருக்கும். அக்கையொப்பத்துக்கு உரியவர் இன்று அறுபது, எழுபது வயதினராகப் பக்கத்துத் தெருவிலேயே இருக்கக்கூடும். பலகையைக் கழற்றுவதற்குள் அவரைத் தேடிச் செல்லுங்கள். யாரிடம் தொழில் கற்றார், எந்தச் சுவர்களில் எழுதினார், என்ன கூலி பெற்றார் என்று கேட்டு, அவர் சொல்லும்படியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.