கைராட் பள்ளிக்கு வந்த மடிக்கணினியும் ஓர் இயங்குதளப் போட்டியும்

2007ஆம் ஆண்டில், மும்பையை அடுத்த ராய்கட் மாவட்டத்தில், கர்ஜத் அருகேயுள்ள கைராட் என்னும் சிற்றூரின் ஓராசிரியர் பள்ளிக்குப் பச்சையும் வெள்ளையுமான சிறு மடிக்கணினிகள் வந்தன. ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தின் இந்திய முன்னோட்ட முயற்சி அது. 2005இல் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே அறிவித்தபோது அக்கணினியின் இலக்கு விலை 100 டாலர். உற்பத்திக்கு வந்தபோது அது ஏறத்தாழ 188 டாலராகியிருந்தது. இந்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006இலேயே இத்திட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது. வகுப்பறையும் ஆசிரியரும்தாம் உடனடித் தேவை என்பது அதன் வாதம்.

விலை குறித்த இவ்விவாதத்தின் அடியில் மற்றொரு விவாதமும் இருந்தது. அக்கணினி எந்த இயங்குதளத்தில் இயங்க வேண்டும்? மேக் இயங்குதளத்தை இலவசமாகத் தர ஆப்பிள் நிறுவனம் முன்வந்தது. அதன் மூலநிரல் திறந்ததன்று என்பதால் திட்டக்குழு மறுத்தது. ஃபெடோரா லினக்ஸின் மீது ‘சுகர்’ என்னும் புதிய இடைமுகம் உருவாக்கப்பட்டது. அதில் கோப்புறைகளுக்குப் பதிலாக, குழந்தையின் செயல்கள் ஒரு நாட்குறிப்பில் பதிவாயின. அருகிலுள்ள தோழரின் கணினி திரையில் தெரிந்தது. இருவரும் ஒரே செயலில் இணைய முடிந்தது. நிரலின் மூலத்தைத் திறந்து பார்க்கவும் வழி இருந்தது. செய்தே கற்க வேண்டும் என்ற சீமோர் பேப்பர்ட்டின் கல்விக் கொள்கையே இவ்வடிவமைப்பின் வேர்.

2008 ஏப்ரலில், மென்பொருள் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த வால்டர் பெண்டர் விலகினார். மே மாதம், அதே கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் என்று அறிவிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் ஏறத்தாழ 3 டாலர். பெண்டர் ‘சுகர் லேப்ஸ்’ என்னும் தனி அமைப்பைத் தொடங்கினார்.

விண்டோஸின் பக்கம் நின்ற வாதத்தை வணிகச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட இயலாது. மகாராஷ்டிரத்தில் 2002இல் தொடங்கிய எம்.எஸ்.-சி.ஐ.டி. சான்றிதழ், பல அரசுப் பணிகளுக்குத் தகுதியாகக் கேட்கப்பட்டது. அதன் பாடம் பெரிதும் விண்டோஸும் அலுவலக மென்பொருளுமே. தாராவியில் வாழும் ஒரு தொழிலாளர் குடும்பம் தன் பிள்ளைக்கு விண்டோஸை விரும்பினால், அதை அறியாமை எனல் தகாது. அது வேலைச்சந்தையைச் சரியாகக் கணித்ததன் விளைவு.

எனினும், பிள்ளையை வருங்கால ஊழியராக மட்டுமே காணும் அப்பார்வைக்கு மாற்றும் மும்பையிலேயே இருந்தது. செம்பூரை அடுத்த மான்கூர்டிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில், ஜி. நாகார்ஜுனாவும் அவர்தம் குழுவினரும், குழந்தைகள் அரட்டைச் செயலி வழியே கூடி எண்கணிதம் கற்பதை ஆராய்ந்தனர். அங்கே கேள்வி, பிள்ளைகள் ஒருவரோடொருவர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதாக இருந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இப்போட்டிக்கு ஒரு சமரசத்தை முன்வைத்தது: தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே இடம்பெற்றன. ஆனால் ஒரே கணினியில் இரண்டும் இருப்பதனாலேயே தெரிவுரிமை வாய்த்துவிடுவதில்லை. மாணவர் எதனைத் திறப்பார் என்பதைப் பாடநூலும் தேர்வும் ஆசிரியர் பெற்ற பயிற்சியுமே முடிவு செய்கின்றன.

அவ்வகையில், ஆசிரியரைப் பற்றிய 2006ஆம் ஆண்டின் மறுப்புரை இரு தரப்புக்கும் பொருந்துகிறது. இயங்குதளம் திறந்ததா மூடியதா என்பது இன்றியமையாத வினாவே. ஆயினும் அதனைத் திறந்து காட்ட வகுப்பறையில் ஒருவர் இல்லாதவிடத்து, மூலநிரலின் திறப்பும் குழந்தைக்கு மூடிய கதவே.