சாவு மேளம் மேடையேறிய கதை

ரவாங், கோலசிலாங்கூர் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தப்புச் சத்தம் புதிதல்ல. தீமிதிக்கு அடிப்பார்கள், சாவுக்கு அடிப்பார்கள். கல்யாணம் என்றால் நாதஸ்வரம்தான். தப்பு வெளியே நிற்கும். அதனால்தான் சென்னையில் ஓர் இசைக்குழு பிறந்த கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மலேசியத் தமிழரை வைத்துக் ‘கபாலி’ எடுத்த பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் 2017இல் வடசென்னைக் கானாப் பாடகர்களைத் தேடிப் போனார்கள். கானா, சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவது. சினிமா அந்த மெட்டை எடுத்துக்கொண்டது. பாடியவர்களைப் பெரும்பாலும் தெருவிலேயே விட்டுவிட்டது. இந்தமுறை பாடியவர்களே மேடைக்கு வந்தார்கள். நாம் தப்பு என்று சொல்லும் பறை, கட்டமோளம், சட்டி ஆகிய மேளங்களோடு மேற்கத்திய டிரம்ஸ், கிட்டார், நியூயார்க்கின் கறுப்பினப் பிள்ளைகள் வளர்த்த ராப். மொத்தம் 19 பேர்.

சேர்த்து வாசிப்பது லேசான காரியமில்லை. கிட்டாருக்கு முறுக்காணியைத் திருகினால் போதும். பறையின் தோல் தொய்ந்தால் நெருப்பில் காய்ச்ச வேண்டும். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்ட சிண்டுக்குச்சி. இரண்டும் சேர்ந்து விழும் அடிக்கு ஒலிபெருக்கியே வேண்டாம். அந்தப் பறையை ஓரத்தில் துணைக்கு வைக்காமல் பாட்டுக்கே முதுகெலும்பாக்கினார்கள். இந்தக் குழுவின் பெருமை என்று நான் நினைப்பது இதைத்தான்.

குழுவின் பெயர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. சாதியற்ற தமிழர் என்று பேசிய அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கோலார் தங்கவயலிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிழைக்கப் போன தமிழர் காசு கொடுத்துப் படித்தார்கள்.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. அம்பேத்கரைப் போல் கோட்டும் சூட்டுமாக வந்து நின்றார்கள். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினார்கள், கூட்டம் ஆயிரக்கணக்கில். ஆண்கள் கோலோச்சிய கானாவை அங்கே பாடிய இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

குழுவில் ராப் பாடிய அறிவு, 2021இல் பாடகி தீயோடு சேர்ந்து ‘எஞ்சாயி எஞ்சாமி’ தந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதில் இருக்கிறது. பால்மரக்காட்டில் உழைத்த நம் பாட்டிமாருக்கு இன்னும் அப்படியொரு பாட்டு பாக்கியிருக்கிறது. நம் உறுமி மேளக்காரப் பிள்ளைகளால் அது முடியும்.