வாட்டுறதும் ஊறப்போடுறதும்: காட்டு இறைச்சியும் கடற்கரைக் கையும்

மயிலிட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கதை மீனிலதான் போய் நிற்கும். வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று இருந்த ஊர். அப்பிடியான ஊரை வைச்சுக்கொண்டு வேட்டை இறைச்சி பற்றி எழுதுறதா எண்டு நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

1990 ஜூனில் மயிலிட்டிச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்டது. துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். இடையில் 27 வருசம். அந்தக் காலத்தில் பலர் வலிகாமத்து முகாம்களில் இருந்தார்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு சில குடும்பங்கள் வன்னிக்கும் போயின. கடல்மீனோடு வாழ்ந்த குசினிகளுக்குப் பன்றியும் மரையும் உடும்பும் வந்தது அப்பிடித்தான். கரண்ட் இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை, பொருளாதாரத் தடையால் கடையில் சாமானும் இல்லை. ஒரு பங்கு இறைச்சி கிடைத்தால் அதைப் பழுதாக்காமல் வைக்கவும் வேணும், வெடுக்கு இல்லாமல் சமைக்கவும் வேணும்.

அதற்கு வன்னியில் ஏற்கனவே வழி இருந்தது. பன்றியைத் தென்னோலை நெருப்பில் வாட்டி, கருகின மயிரைக் கத்தியால் சுரண்டி எடுக்கிறது. உடும்பையும் தோலோடு சுட்டுச் சுரண்டுறது. பிறகு வெட்டி, உப்பு, மஞ்சள், மிளகு, பழப்புளி போட்டுப் பிரட்டி ஊற விடுறது. எண்ணெய் விடாமல் வெறுஞ்சட்டியில் போட்டு, இறைச்சி விடுகிற தண்ணி வத்தும்வரை வாட்டின பிறகுதான் கறித்தூள். மிஞ்சினதைக் கீறி, உப்புப் போட்டு, வெயிலிலயும் அடுப்புப் புகையிலயும் காயவைச்சால் வத்தல்.

ஆட்டிறைச்சிக்கு இல்லாத இவ்வளவு மினக்கேடு காட்டு இறைச்சிக்கு ஏன்? ஓடித் திரியிற மிருகத்தில் கொழுப்புக் குறைவு, தசைநார் கூட. இன்னொரு காரணமும் இருக்கு. சாதாரணமாக ஒரு மிருகம் செத்த பிறகு, தசையில் சேர்ந்திருக்கிற சர்க்கரைச் சத்து லக்ரிக் அமிலமாக மாறும். அந்த அமிலம் இறைச்சி கெதியாகப் பழுதாகிறதைத் தடுக்கும். துரத்திக் களைக்க வைச்சுக் கொன்ற மிருகத்தில் அந்தச் சத்து முதலே எரிஞ்சு போயிடும். அமிலம் போதாது. இறைச்சி கறுத்து, இறுகி, கெதியாகக் கெட்டுப்போகும். நாங்கள் விடுகிற புளி, அந்த உடம்பு உண்டாக்காமல் விட்ட அமிலத்தில் ஒரு பங்கை வெளியில இருந்து குடுக்கிறது. புளி மேற்பரப்பைத் தாண்டி அதிகம் உள்ளே போகாது, உப்புத்தான் ஆழப் போகும். அதனால்தான் துண்டு சின்னனாக வெட்டுறது.

இந்தப் பழக்கத்தின் வயதைப் பார்க்கப் பத்துப்பாட்டுக்குப் போகலாம். பெரும்பாணாற்றுப்படையில் பாணன் தொண்டைமான் இளந்திரையனிடம் போகிற வழியில் ஒவ்வொரு குடியிருப்பிலும் என்ன சாப்பாடு கிடைக்கும் எண்டு சொல்லப்படுகிறது. எயினர் குடியிருப்பில் நாய் பிடிச்சுத் தந்த உடும்பின் பொரியலும் சோறும். வலைஞர் குடியிருப்பில் கள்ளும் சுட்ட மீனும். சுட்ட மீனுக்கு அந்தப் பாட்டு வைக்கிற பேர் 'சூடு'. வேட்டைக்காரரும் மீன்பிடிகாரரும் ஒரே பாட்டில் இரண்டு பந்தி வைக்கிறார்கள். இரண்டிலயும் வேலை செய்யிறது நெருப்புத்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் கண்ணப்பர் காளத்தி மலையில் வேட்டை இறைச்சியை நெருப்பில் காய்ச்சி, பதம் பார்த்து, தேன் கலந்து படைக்கிறார். பக்திக் கதை எண்டு சொல்லிக் கடந்து போற இடத்தில் ஒரு சமையல் குறிப்பும் இருக்கு.

அதே தேன் இலங்கையில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பிப்போன ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வந்த தன்னுடைய நூலில் வேடர்களைப் பற்றிச் சொல்கிறார். குடைஞ்ச மரத்துண்டுக்குள் தேனை விட்டு, இறைச்சியால் நிரப்பி, களிமண்ணால் வாயை மூடி, பஞ்ச காலத்துக்கு எண்டு வைப்பார்களாம். தேன் தண்ணியை இழுத்துப் பிடிச்சிருக்கும், அதோடு அமிலத்தன்மையும் உண்டு. கிருமி வளர இடமில்லை.

நொக்ஸுக்கு முதலே, 1619இல், யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கைக்குப் போயிருந்தது. அவர்கள் பன்றி இறைச்சியை உள்ளியும் திராட்சை வைனும் சேர்த்து ஊறவைக்கிறவர்கள். கோவாவில் அதுதான் விந்தாலு ஆனது, வைனுக்குப் பதில் கள்ளு வினாகிரி வந்தது. பழப்புளி, தேன், வினாகிரி எண்டு பொருள் இடத்துக்கிடம் மாறுது. பழுதாகிறதுக்கு முதல் பிடிச்சு நிறுத்துறது எண்ட நோக்கம் மாறேல்லை.

வாட்டுறதைப் பற்றி ஒரு பிழையான கதையும் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கு. இறைச்சியை முதலில் சுட்டால் சாறு உள்ளே அடைபடும் எண்டு 1847இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் லீபிக் எழுதினார். பிறகு நிறுத்துப் பார்த்தால், சுட்ட இறைச்சியும் அதே அளவு, சிலவேளை கூடவே, தண்ணியை இழக்குது. சுடுறதால் கிடைக்கிறது மணமும் நிறமும். 1912இல் பிரான்சின் மையார் விளக்கிய, புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேருகிற மாற்றம் அது. எங்கட வெறுஞ்சட்டி முறை சாறை அடைக்கப் பார்க்கிறதே இல்லை. தண்ணியை வெளியேற்றி, வெடுக்கைப் போக்கி, பிறகு மணத்தை எடுக்குது. ஒண்டு மட்டும் கவனம்: வாட்டுறதும் ஊறப்போடுறதும் காட்டுப்பன்றியில் இருக்கக்கூடிய புழுக்களைக் கொல்லாது. உள்வரை வேகவேணும்.

இப்ப மயிலிட்டிக்குத் திரும்புவம். வன்னிக்குப் போன மீன்பிடிக் குடும்பங்களுக்கு இந்த முறை அந்நியமாக இருந்திருக்காது எண்டு நாங்கள் நினைக்கிறம். கருவாடு போடத் தெரிஞ்ச கைக்கு வத்தல் புதுசில்லை. கீறுறது, உப்பு, வெயில் எல்லாம் ஒண்டுதான். மீன் வெடுக்குக்குப் புளி விடத் தெரிஞ்சவைக்குப் பன்றிக்கு ஏன் புளி எண்டு சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. இடப்பெயர்வு வீட்டையும் வள்ளத்தையும் பறிச்சது. கைப்பழக்கம் கூடவே போய், புதுச் சாமானில் வேலை செய்தது.

ஆனால் எங்கட இடப்பெயர்வு வரலாற்றில் திகதியும் தொகையும் இருக்கிற அளவுக்கு இது இல்லை. உடும்பு சாப்பிட்டதைக் குரல் தாழ்த்திச் சொல்லுறவை இன்னும் இருக்கினம். வேட்டை இறைச்சி எண்டால் வறுமை, சாதி எண்டு சேர்த்துப் பார்க்கிற கண் எங்களிட்ட இருக்கு. யார் யாருக்குச் சொல்லிக் குடுத்தது எண்டது அந்த வெட்கத்துக்குள்ள புதைஞ்சு போச்சு.

வேட்டையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நாங்கள் இதை எழுதேல்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் மானையும் மரையையும் உடும்பையும் காக்கின்றன, காக்கவும் வேணும். காடும் முந்தி மாதிரி இல்லை. முறையைத் தெரிஞ்சுகொள்ள வேட்டை தேவையில்லை. வளர்ப்புப் பன்றிக்கும் முத்தின ஆட்டுக்கும் அதே கைப்பக்குவம் பொருந்தும்.

அவசரம் வேற இடத்தில் இருக்கு. முகாமில் பிறந்து வளர்ந்த எங்கட தலைமுறைக்குக் கருவாடு போட்ட கரையும் தெரியாது, வத்தல் காய்ஞ்ச புகையடுப்பும் தெரியாது. இரண்டையும் செய்த கைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கு. இந்தக் கிழமை போய்க் கேளுங்கோ. என்ன விறகு, எவ்வளவு நேரம், புளியா வினாகிரியா எண்டு எழுதுங்கோ. கடைசியாக, உங்களுக்கு இதைக் காட்டித் தந்தது ஆர் எண்டு கேட்டு, அந்தப் பேரையும் எழுதி வையுங்கோ.