நெய்வேலி நீர் யாருக்கு?

முத்தையாபுரத்தில் நின்று கடற்பக்கம் நோக்குவோர் கண்ணில் இரண்டு காட்சிகள் படும். ஒன்று, வெயிலில் வெந்து உப்பு விளைவிக்கும் தொழிலாளியின் பாத்தி. மற்றொன்று, வானளாவி நிற்கும் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. முன்னது நிலத்தடி உப்புநீரை நம்பியது. பின்னது கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியை நம்பியது. இங்குள்ள மின் நிலையங்களுள் 1000 மெகாவாட் திறனுடைய ஒன்று, நெய்வேலி நிறுவனமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக அமைத்து, 2015-இல் இயங்கத் தொடங்கியது.

உப்புக் கரையில் வாழும் நமக்கு நிலத்தடி நீரின் இயல்பை எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. மணலில் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. அளவோடு எடுத்தால் அது குடிநீர். அளவு மீறி இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும். ஒருவன் கிணற்றில் செய்யும் பிழைக்கு ஊரார் அனைவரும் உவர்நீர் குடிக்க நேரும். இந்த உண்மையை மனத்திற்கொண்டு நெய்வேலியின் வரலாற்றைப் பார்ப்போம்.

தென்னார்க்காட்டுச் செம்மண் காட்டில், 1930-களின் நடுவில், நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டார். நீரோடு கருமையான துகள்களும் மேலே வந்தன. அவற்றைக் குப்பையென்று ஒதுக்காமல், ஆட்சியாளரின் கவனத்திற்குக் கொண்டுசென்றார் அவர். 1940-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் ஆங்காங்கே துளையிட்டு, மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி பெரும்பரப்பில் படிந்திருப்பதைக் கண்டனர். நீரைத் தேடியவருக்குக் கரி கிடைத்தது. ஆனால், கரியைத் தேடிச் சென்றோரை நீர் வழிமறித்து நின்றது!

அந்தத் தடை எத்தகையது? கரிப்படுகைக்கு மேல் ஐம்பது மீட்டருக்கும் மிகுந்த தடிமனில் மண்ணும் மணற்பாறையும் கிடக்கின்றன. கரிக்கு அடியிலோ, மணற்படுகையில் பெரும் நீர்த்தேக்கம் அடைபட்டுக் கிடக்கிறது. அது கரிப்படுகையை மேல்நோக்கி அழுத்தும் விசை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம். அதாவது, ஒவ்வொரு சதுர மீட்டரையும் 60 முதல் 80 டன் எடை கீழிருந்து முட்டித் தள்ளுகிறது. மேலிருக்கும் மண்ணை அகற்றிவிட்டால் கரிப்படுகை அந்த விசையைத் தாங்காது, வெடித்துப் பிளக்கும், சுரங்கம் வெள்ளக்காடாகும்.

இதை வென்றது வேண்டுதலன்று, விஞ்ஞானம். சுரங்கத்தைச் சூழ ஆழ்குழாய்க் கிணறுகளை இறக்கி, இரவு பகல் ஓயாமல் நீரை இறைத்து, அழுத்தத்தைக் கரிப்படுகைக்குக் கீழே தாழ்த்தினர். வெட்டுமுகம் நகர நகரக் கிணறுகளும் நகர்ந்தன. எங்கே, எத்தனை கிணறுகள், எவ்வளவு இறைப்பு என்று கணக்கிட்டு நடத்துவதே அங்கே சுரங்கக் கலையின் உயிர்நாடி. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடக்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று நாடெங்கும் முழக்கம் எழுந்த காலம் அது. தென்னாட்டில் கரியில்லை, ஆலைக்கு வழியில்லை என்ற சாக்கு அன்றோடு ஒழிந்தது. அதைக் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை.

ஆனால், இறைத்த நீர் எங்கே சென்றது? மின் நிலையத்திற்கும் நகரியத்திற்கும் சென்றது. வாலாஜா ஏரி வழியே வயல்களுக்கும் ஓரளவு சென்றது. சென்னை வறண்ட காலத்தில் தலைநகரின் தாகத்தையும் தணித்தது. எல்லாம் நன்றே. எனினும், ஒரு காலத்தில் தானே பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் சுற்றுப்புறச் சிற்றூர்களில் அடங்கிப் போயின. உழவர்களும் மின்விசைக் குழாய்களால் மிகுதியாக இறைத்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. யாரால் எவ்வளவு குறைந்தது என்று நடுநின்று அளந்து, ஊரார் முன் கணக்கு வைக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதே நம் கேள்வி.

நெய்வேலியில் மண்ணை அள்ளும் மாபெரும் சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அதே ஜெர்மனியின் ரைன் நாட்டுப் பகுதியிலும் பழுப்பு நிலக்கரிக்காக நீரை இறைக்கிறார்கள். அங்கே 1958-இல், நெய்வேலி தொடங்கிய மறு ஆண்டில், 'எர்ஃப்ட் நீர்ச் சங்கம்' தனிச் சட்டத்தால் நிறுவப்பட்டது. சுரங்கம், நகராட்சிகள், ஆலைகள், குடிநீர் நிலையங்கள் எல்லாம் அதில் உறுப்பினர். நீர்மட்டத்தை அளப்பதும், குறையை ஈடு செய்வதும் அதன் கடமை. சதுப்பு நிலங்கள் வறளாதிருக்க, இறைத்த நீரில் ஒரு பகுதியை மீண்டும் மண்ணுக்குள் செலுத்துகின்றனர். எந்திரத்தை இறக்குமதி செய்தோம். அந்த ஏற்பாட்டை இறக்குமதி செய்தோமா? இல்லையே!

காரணம் சட்டத்தில் இருக்கிறது. வெள்ளையர் 1882-இல் இயற்றிய வசதியுரிமைச் சட்டம், நிலத்துக்குரியவன் தன் நிலத்தடி நீரை எடுக்கலாம் என்றது. நிலம் உடையவனுக்கு நீர், நிலமற்றவனுக்கு? தமிழ்நாடு 2003-இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம், நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. பொதுக் கிணற்றில் எல்லோரும் நீர் மொள்ள வேண்டும் என்று போராடிய இயக்கம் நம்முடையது. சாதியின் பெயரால் அடைபட்ட கிணற்றுப் படியைத் திறந்தோம். படி திறந்திருந்தும், கிணற்றில் நீர் கைக்கெட்டாத ஆழத்திற்குப் போய்விட்டால், பெற்ற உரிமையால் பயன் என்ன?

2023 ஜூலையில், சுரங்க விரிவுக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். கதிர் வர இருந்த பயிர் என்றனர் உழவர். அதே ஆண்டு ஏப்ரலில், காவிரிப் படுகை சார்ந்த மூன்று நிலக்கரித் தொகுதிகளை, தமிழ்நாட்டின் எதிர்ப்புக்குப்பின் நடுவணரசு ஏலத்திலிருந்து விலக்கியது. ஏலத்தை நிறுத்தியது மக்கள் குரல். ஆனால், ஒவ்வொரு முறையும் வயலுக்குள் எந்திரம் வந்த பிறகுதானா குரல் எழ வேண்டும்?

நாம் சுரங்கத்தை மூடச் சொல்லி இதை எழுதவில்லை. கணக்கைத் திறக்கச் சொல்கிறோம். நாள்தோறும் இறைக்கும் நீரின் அளவும், சுற்றூர்க் கிணறுகளின் நீர்மட்டமும் ஊராட்சி மன்றச் சுவரில் தமிழில் எழுதப்பட வேண்டும். அளக்கும் அவையில் உழவரும், நிலமற்ற கூலியாளரும், குடம் சுமக்கும் பெண்டிரும் இடம்பெற வேண்டும். இறைத்த நீரில் முதற்பங்கு, நீரை இழந்த ஊருக்கே சேர வேண்டும்.

நெய்வேலியின் பெயர் தாங்கிய புகைபோக்கி இன்று நம் கரையிலும் நிற்கிறது. உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலத்தை நம்பி வாழும் நாம், இந்தக் கோரிக்கையை நெய்வேலி உழவருக்காக மட்டும் எழுப்பவில்லை; நமக்காகவும் எழுப்புகிறோம்.