வெள்ளைக்கழிச்சல்: நூறாண்டு வரலாறும் நான் மலைக்குக் கொண்டுபோன கோழியும்

பதிவு கொஞ்சம் நீளம். கோழி வளர்ப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் எங்கள் தெருக்கோடிப் பெண் ஒருத்தி முந்தானையில் ஒரு பெட்டைக்கோழியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், நேத்து சாயங்காலத்துலேருந்து தீனி எடுக்கல. பச்சையும் வெள்ளையுமா கழியுது. ஏதாவது கைவைத்தியம் சொல்லுங்க" என்றாள். கோழி இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. வீட்டில் இன்னும் எத்தனை என்று கேட்டேன். பதினொன்று. எல்லாம் ஒரே பஞ்சாரம்.

அவளுக்கு என்ன சொன்னேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் இந்த நோயின் வரலாறு.

நம் பக்கம் வெள்ளைக்கழிச்சல், கோழிக்கழிச்சல் என்கிறோம். புத்தகத்தில் ராணிக்கெட் நோய். ராணிக்கெட் என்பது இன்றைய உத்தரகண்டில் குமாவுன் மலையில் உள்ள ஒரு ராணுவ முகாம் ஊர். 1926-இல் ஜாவா தீவில் கிரானவெல்ட் என்பவர் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஒரு புது நோயைப் பதிவு செய்தார். அதே ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகே அது தென்பட்டது. அதை ஆராய்ந்த டாயில் 1927-இல் நியூகாசில் நோய் என்று பெயர் வைத்தார். அதையொட்டி ராணிக்கெட்டிலும் அது கண்டறியப்பட்டது. முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் அதை விவரித்து எழுதினார். இரண்டும் ஒரே வைரஸ் என்பது பிறகு தெளிவாயிற்று. உலகம் நியூகாசில் என்கிறது, நாம் ராணிக்கெட் என்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆய்வுக்கூடத்தில் தயாரித்த முதல் தடுப்பூசியே கோழிக்குத்தான். 1879-80-இல் லூயி பாஸ்டர் கோழிக் காலராக் கிருமியை வலுவிழக்கச் செய்து கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தார். அது வேறு நோய், ஆனால் வழி அங்கேதான் பிறந்தது. அந்த வழியில்தான் 1940-இல் இந்தியாவிலிருந்து போன எஸ்.ஜி. ஐயரும் இங்கிலாந்தின் டாப்சனும் ராணிக்கெட் வைரசைக் கருமுட்டையில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொடுமையைக் குறைத்து, தடுப்பூசி செய்யலாம் என்று காட்டினார்கள். முக்தேஸ்வரில் ஹாடோவும் இத்னானியும் அதே முறையில் நம் நாட்டு வைரசிலிருந்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினார்கள். முக்தேஸ்வர் ரகம் என்ற பெயரில் அது ஆசியா முழுக்கப் போயிற்று.

ஆக, நாடு விடுதலை அடையும்போதே நோய்க்குப் பெயர் இருந்தது, தடுப்பூசியும் இருந்தது. நம் பக்கத்து ராணிப்பேட்டையில் 1932-லேயே கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் தொடங்கியாகிவிட்டது. ஆனால் இந்த நிலையங்கள் எல்லாம் முதலில் மாட்டுக்காக எழுந்தவை. மாட்டைக் கொன்ற வெக்கை நோய் அரசாங்கத்தின் வருமானத்தையே ஆட்டிவைத்த நோய். அதை ஒழிக்கப் பெரும் பாடுபட்டார்கள், ஒழித்தும் விட்டார்கள். 2011-இல் உலகமே வெக்கை நோய் இல்லை என்று அறிவித்தது. வெள்ளைக்கழிச்சலோ இன்றும் பங்குனி சித்திரை வெயிலில் தெருவுக்குத் தெரு வந்துபோகிறது.

காரணம் இரண்டு என்று நினைக்கிறேன்.

ஒன்று, கோழி பெண்களின் சொத்து. மாடும் நிலமும் ஆண் பேரில் இருக்கும். கோழியும் முட்டையும் வீட்டுப் பெண்ணின் சிறுவாட்டுப் பணம். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், தாய்வீட்டுக்குப் போக பஸ் காசு, மருந்து மாத்திரை எல்லாம் அதிலிருந்துதான். கோழி வாங்கக் காசில்லாதவள் வாரத்துக்குக் கோழி வாங்கி வளர்த்து, பொரித்த குஞ்சில் பாதியைத் திருப்பிக் கொடுப்பாள். இந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஏறாத சொத்து அழிந்தால் அழிந்ததும் தெரியாது.

இரண்டு, மருந்தின் குணம். உயிருள்ள வைரசால் செய்த தடுப்பூசி சூடு தாங்காது. குளிர்பெட்டி வேண்டும், ஐஸ் வேண்டும். நூறு கோழிக்கான குப்பியைக் கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பண்ணைக்கு அது சரி. வீட்டுக்கு ஐந்து கோழி, மரத்துக்கு ஒன்றாக ஏறிக் கிடக்கும் ஊரில் என்ன செய்வது? கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1976-இல்தான். அதற்குப் பின்தான் ஒவ்வொன்றாகப் பாதை, பள்ளிக்கூடம், மருத்துவமனை. ஐஸ் எந்த வரிசையில் வரும்?

இனி என் கதை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1986-இல் எனக்கு மலையில் முதல் வேலை. வெள்ளிமலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சிற்றூர். தனியாக வந்த எனக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தவர் ஒரு ஆயா. வாடகை வாங்கவில்லை. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். பொங்கலுக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கீழ்நாட்டுச் சந்தை ஒன்றில் முட்டையிடும் பருவத்துப் பெட்டை ஒன்று மலிவாகக் கிடைத்தது. காலைக் கட்டி, பையில் வைத்து, பஸ்ஸில் மேலே கொண்டுபோனேன். ஆயா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அந்தக் கோழி தீனி எடுக்கவில்லை. ஆயா அதை அடுப்படியில் கூடைக்குள் வைத்துக்கொண்டார். சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் மிளகும் தட்டி உருட்டிக் கொடுத்தார். கீழாநெல்லி அரைத்துப் புகட்டினார். இரவு முழுக்க மடியில் வைத்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தேன். அது செத்துப்போயிற்று. அடுத்த வாரம் அவருடைய கோழிகள் ஒவ்வொன்றாகக் கழுத்து திருகிக்கொண்டு விழுந்தன. பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. பிழைக்காது என்று தெரிந்ததும் சிலர் அறுத்துத் தின்றார்கள், இறகு ஓடையோரம் கிடந்தது. மாசி பிறக்கும்போது அந்த ஊரில் விடியற்காலை சேவல் கூவவில்லை. "காத்துல வந்த சீக்கு, யாரு என்ன பண்ண முடியும் டீச்சரு" என்றார் ஆயா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

பல ஆண்டு கழித்து, கீழே மாற்றலாகி வந்தபின், எங்கள் பள்ளி வளாகத்தில் நடந்த முகாமில் ஒரு கால்நடை உதவி மருத்துவர் பேசினார். "ஊரில் ஒரு கோழி சுருண்டதும் மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய்விடுகிறோம். பார்க்க நன்றாக இருக்கும் கோழி ஐந்தாறு நாளில் நோயைக் காட்டும். வாங்கினவர் வீட்டில் எல்லாம் போகும்" என்றார். கைநிறையப் பேப்பர் வைத்துக்கொண்டு நின்ற நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாள் கணக்கு பொருந்தியது. ஆயாவுக்கு அந்தச் சீக்கு காற்றில் வரவில்லை. என் பையில் வந்தது.

அதற்குள் அறிவியலும் நகர்ந்திருந்தது. சூடு தாங்கும் வைரஸ் ரகங்களைக் கொண்டு, தீவனத்தில் கலந்து கொடுக்கும் மருந்தை ஆஸ்திரேலியாவில் ஸ்பிராட்பிரோ என்ற பேராசிரியர் 1980-களில் மலேசிய ஆய்வாளர்களோடு சேர்ந்து கிராமத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் புறக்கடைக் கோழிக்கென்று வாய்வழிக் குருணை மருந்தை உருவாக்கியது. ஊசியும் வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். இப்போது கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடத்துகிறது. இலவசம்.

தெருக்கோடிப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய், வந்தபின் அதை அறுக்கும் மருந்து கிடையாது. வெங்காயம், சீரகம், கீழாநெல்லி கொடுப்பதில் தப்பில்லை, வலுவுள்ள கோழி ஒன்றிரண்டு தேறலாம். ஆனால் முதலில் அதைத் தனியே வை. மற்றவற்றின் தண்ணீர்த் தட்டை மாற்று. அதைத் தொட்ட கையோடு, அங்கே மிதித்த செருப்போடு மற்ற கோழிகளிடம் போகாதே. கையைக் கண்ணில் வைக்காதே, மனிதருக்குக் கண் சிவக்கும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகோரம் விடு, படுத்திருக்கும்போது ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும். செத்தால் ஆழமாகக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதை. மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகாதே. இன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போ.

கடைசிக்கு முன் சொன்னதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "பதினொண்ணும் போயிட்டா நான் என்ன பண்றது டீச்சர்? வித்தா பாதிக் காசாவது தேறும்" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என்னிடம் பதில் இல்லை. என் கதையைத்தான் சொன்னேன். விற்கவில்லை அவள். அந்தக் கோழி மூன்றாம் நாள் செத்தது. இன்னும் நாலு போயின. ஏழு நிற்கின்றன.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, நாலாம் வாரம் இன்னொரு முறை, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. இவ்வளவுதான் வேலை. மடியில் வைத்து இரவெல்லாம் விழித்திருக்கும் பாசம் நம் பெண்களிடம் எப்போதும் உண்டு. அதில் பத்து நிமிஷத்தை நோய் வருமுன்னே செலவழித்தால் போதும்.

ஆயா காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவரிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். மலையில் வேலை பார்க்கும் இளைய ஆசிரியர்கள் முகாம் தேதியைக் கேட்டு வைத்து, காலை வழிபாட்டில் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். பிள்ளை சொன்னால் வீட்டில் கேட்பார்கள்.