ஆறாம் கிளாஸ் ராஜாக்கள்

சமூக அறிவியல் வகுப்புன்னா எனக்கு முதலில் ஞாபகம் வருவது அசோகர் மரம் நட்டதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஆனா அதுக்குத் தானியமும் ஆளும் எங்கிருந்து வந்தது, வேற எதைக் குறைத்தார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்கச் சொன்னவரும் இல்லை.

அப்படி யோசிக்க வைக்கத்தான் 1960களில் அமெரிக்காவில் ஒரு டீச்சர் கணினியைப் பிடித்தார். அவர் கதைக்கு முன்னாடி ஒரு சின்ன முன்கதை.

1953இல் ஹார்வர்டு உளவியல் பேராசிரியர் ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் போகணும், போட்டது சரியா தப்பான்னு உடனே தெரியாது. மனுஷருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை தானே தன் வேகத்தில் படிக்க ஒரு கற்பிக்கும் இயந்திரம் செய்தார். சின்னக் கேள்வி, பதில், உடனே சரிபார்ப்பு, அடுத்த கேள்வி. கணக்குக்கும் எழுத்துப் பிழை திருத்தவும் இது நல்ல வழிதான். ஆனா வரலாற்றை இதில் போட்டால்? "அசோகர் நட்டது ____." மரம். சரி, அடுத்தது! :-)

சரி, டீச்சருக்கு வருவோம். பெயர் மேபல் ஆடிஸ். நியூயார்க் மாநிலத்தில் கட்டோனா என்ற ஊரில் நாலாம் வகுப்பு எடுத்தவர். வெஸ்ட்செஸ்டர் கவுன்ட்டியின் கூட்டுக் கல்விச் சேவை வாரியமும் ஐபிஎம் நிறுவனமும் கணினி வழிப் பாடத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு திட்டம் போட்டன. கிரேக்கத்துக்கு முந்தைய நாகரிகங்களைப் பள்ளிகள் கண்டுகொள்வதில்லை, அதனால் சுமேரியாவை எடுப்போம் என்றார் ஐபிஎம்மின் புரூஸ் மோன்கிரீஃப். பாடத்தை ஆடிஸ் எழுத, வில்லியம் மெக்கே நிரலாக்க, 1964இல் 'சுமேரியன் கேம்' ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வந்தது.

திரையெல்லாம் கிடையாது. ஐபிஎம் 7090 பெருங்கணினியோடு இணைத்த ஒரு தட்டச்சு முனையம், பக்கத்தில் படம் காட்ட ஸ்லைடு. உட்காரும் பிள்ளைதான் லகாஷ் நகரத்து ராஜா. மக்கள்தொகை இவ்வளவு, அறுவடை இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று காகிதத்தில் அச்சாகி வரும். ஜனங்களுக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு, விதைக்க எவ்வளவு, சேமிக்க எவ்வளவு? ராஜா தட்டணும். கஞ்சத்தனம் செய்தால் ஜனம் குறையும். வாரி இறைத்தால் விதைக்கு இருக்காது. நடுவில் திடீர்னு தீ விபத்து வேற! அடுத்தடுத்த கட்டங்களில் கைத்தொழிலும் வணிகமும் சேரும். ஒரே சரியான விடைன்னு இங்கே எதுவும் கிடையாது. எடுத்த முடிவின் பலன்தான் டீச்சர்.

குறையும் உண்டு. எல்லாப் பிள்ளையும் ராஜா, ஒருத்தரும் பசித்த குடியானவர் இல்லை. பட்டினிக்கும் ஒரு சூத்திரம். அந்தச் சூத்திரத்தை யார் எழுதினார்னு கேட்க இயந்திரத்தில் இடமில்லை. கேட்க வைக்க மனுஷ டீச்சர்தான் வேணும்.

இந்த விளையாட்டைக் கேள்விப்பட்ட டக் டைமென்ட் 1968இல் சின்னக் கணினிக்கு ஒரு சுருக்க வடிவம் எழுதினார். அதை டேவிட் ஆல் பேசிக் மொழிக்கு மாற்றி 1973இல் புத்தகத்தில் போட்டார். 'ஹமுராபி' என்ற பெயரில் அது உலகமெல்லாம் பரவியது. பத்து வருஷ ஆட்சி, தானியத்தைத் தின்னும் எலிகள், நிலம் வாங்கி விற்பது எல்லாம் இருந்தது. ஆனா கைத்தொழில் இல்லை, ஸ்லைடு இல்லை, கூட நின்று பேச டீச்சரும் இல்லை. சமூக அறிவியல் பாடத்தில் சமூகம் கழன்று போய்க் கணக்கு மட்டும் மிஞ்சியது! மூல நிரலும் தொலைந்துவிட்டது. சில அச்சுத்தாள்களும் ஸ்லைடுகளும்தான் மிச்சம்.

ஆடிஸ் 2004இல் காலமானார். 2023இல்தான் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் அவருக்கு முன்னோடி விருது கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் லேட்.

இன்னைக்கு ஸ்மார்ட் போர்டிலும் டேப்லட்டிலும் பாடம் நடக்கிறது. உங்க வீட்டுப் பிள்ளையின் சமூக அறிவியல் பாடத்தை ஒருதடவை திறந்து பாருங்க. லகாஷ் இருக்கா, இல்லை கோடிட்ட இடத்தில் மரமா?