வீட்டிலிருந்தே தேர்வு: மென்பொருள் முடங்கினால் பொறுப்பு யாருக்கு?

பெங்களூரு: பெங்களூருவில் உள்ள இந்திய தேசிய சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகம் 2020 செப்டம்பர் 12-ஆம் தேதி நடத்திய நுழைவுத் தேர்வு, ஒன்பதே நாள்களில் உச்ச நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டது. தேர்வர்கள் தங்கள் வீட்டில் இருந்தபடியே, கேமராவின் கண்காணிப்பில் எழுதிய தேர்வு அது. தொழில் உரிமத்துக்கான தேர்வுகளும் இதே முறையில் நடத்தப்படுவதால், அந்த வழக்கில் எழுந்த கேள்விகள் சட்ட மாணவர்களோடு நிற்கவில்லை. நிறுவனச் செயலராகவோ காப்பீட்டு முகவராகவோ விரும்புபவருக்கும் அவை பொருந்துகின்றன.

கரோனா பரவலால், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொதுத் தேர்வான கிளாட் பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, இறுதியில் செப்டம்பர் 28-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்துப் பாடம் நடத்தும் பெங்களூரு பல்கலைக்கழகம், இனியும் காத்திருந்தால் ஒரு கல்வியாண்டே வீணாகிவிடும் என்று கூறி, தனியாக என்எல்ஏடி என்ற தேர்வை நடத்தப்போவதாக செப்டம்பர் 3-ஆம் தேதி அறிவித்தது. அறிவிப்புக்கும் தேர்வுக்கும் இடையே இருந்தது ஒன்பது நாள் அவகாசம் மட்டுமே.

கிளாட் தேர்வில் 120 நிமிடங்களில் 150 கேள்விகள். என்எல்ஏடி தேர்விலோ 45 நிமிடங்களில் 40 கேள்விகள். முறைகேட்டுக்கு இடம் தராமல் இருக்கவே நேரம் சுருக்கப்பட்டது. ஆனால், நேரம் சுருங்கும்போது ஒவ்வொரு தடங்கலின் விலையும் கூடுகிறது. இணைய இணைப்பு ஐந்து நிமிடம் அறுந்தால், தேர்வு நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு பறிபோகும்.

நடந்ததும் அதுவே. உள்நுழைய முடியவில்லை, பாதியில் வெளியேற்றப்பட்டோம் என்று தேர்வர்கள் பலர் புகார் தெரிவித்தனர். தேர்வு நடந்துகொண்டிருந்தபோதே வினாக்கள் இணையத்தில் பகிரப்பட்டதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. தொழில்நுட்பக் கோளாறால் பாதிக்கப்பட்டவர்களுக்கு செப்டம்பர் 14-ஆம் தேதி மறுதேர்வு நடத்தப்பட்டது. தேர்வு நடத்தத் தடையில்லை, ஆனால் முடிவை வெளியிடவோ மாணவர் சேர்க்கையை மேற்கொள்ளவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 11-ஆம் தேதியே இடைக்கால உத்தரவு பிறப்பித்திருந்தது.

தேர்வர் ஒருவரின் பெற்றோரும், அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ஆர். வெங்கட ராவும் தொடுத்த அந்த வழக்கில், நீதிபதிகள் அசோக் பூஷண், ஆர். சுபாஷ் ரெட்டி, எம்.ஆர். ஷா ஆகியோர் அடங்கிய அமர்வு செப்டம்பர் 21-ஆம் தேதி தீர்ப்பளித்தது. வீட்டிலிருந்து எழுதப்பட்ட இத்தேர்வு வெளிப்படைத்தன்மையையும் நேர்மையையும் காக்கக்கூடியதாக இல்லை என்று அமர்வு கூறியது. குறுகிய அவகாசமும் தொழில்நுட்ப நிபந்தனைகளும் ஏராளமான மாணவர்களின் வாய்ப்பைப் பறித்ததால், அரசியலமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு வழங்கும் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்பதும் தீர்ப்பின் முக்கியப் பகுதி. கோளாறு நேர்ந்ததா என்பதோடு நிற்காமல், அத்தேர்வை எழுதத் தேவையான கருவியும் இணைப்பும் யாரிடம் இருந்தன என்பதையும் நீதிமன்றம் பார்த்தது கவனத்துக்குரியது.

எங்கே முடங்குகிறது?

தொலைநிலைத் தேர்வு மென்பொருள்கள் பொதுவாக இரண்டு வகைப்படும். முதல் வகையில், மறைகுறியாக்கப்பட்ட வினாத்தாள் முன்கூட்டியே தேர்வரின் கணினியில் பதிவிறக்கப்படும். தேர்வு நாளில் கடவுச்சொல் கொடுத்தால் திறக்கும். விடைகள் கணினியிலேயே சேமிக்கப்பட்டு, பின்னர் இணையம் வழியாக அனுப்பப்படும். இரண்டாவது வகையில், தொடக்கம் முதல் இறுதி வரை இணைய இணைப்பு நீடிக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் வினாத்தாளும் மறைந்துவிடும்.

முதல் வகை பாதுகாப்பானதாகத் தோன்றினாலும், அதிலும் எல்லோரும் ஒரே நொடியில் கடந்தாக வேண்டிய ஒரு வாசல் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2020 ஜூலை 28-ஆம் தேதி வழக்கறிஞர் உரிமத் தேர்வை முழுமையாக இணையவழியில் நடத்தியபோது, இரண்டாம் பகுதிக்கான கடவுச்சொல்லைத் தேர்வர்களால் பெற முடியவில்லை. சர்வர்களைத் திட்டமிட்டுத் திணறடிக்கும் தாக்குதல் நடந்ததாக மென்பொருளை வழங்கிய எக்ஸாம்சாஃப்ட் நிறுவனம் விளக்கமளித்தது. தேர்வர்களுக்குக் கடவுச்சொல் வேறு வழியில் தரப்பட்டு, கூடுதல் நேரமும் அளிக்கப்பட்டது. ஃபுளோரிடாவில் நிலைமை இன்னும் மோசம். ஆகஸ்ட் 19-ஆம் தேதி நடக்கவிருந்த தேர்வு, மூன்று நாள்களுக்கு முன்பு இரவில் ரத்து செய்யப்பட்டது. அங்கு ஒப்பந்தம் பெற்றிருந்தது ஐஎல்ஜி டெக்னாலஜிஸ் நிறுவனம். அதே நிறுவனத்தின் மென்பொருளை நம்பியிருந்த இந்தியானா, நெவாடா மாநிலங்களும் தேதியைத் தள்ளிவைக்க நேர்ந்தது.

இவற்றைப் பெருந்தொற்றுக் கால அவசரத்தின் விளைவு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், ஐந்து ஆண்டுகள் கழித்து கலிஃபோர்னியாவில் நடந்ததை அவ்வாறு ஒதுக்க இயலாது. 2025 பிப்ரவரி 25, 26 தேதிகளில் வழக்கறிஞர் உரிமத் தேர்வை மெஷர் லேர்னிங் என்ற நிறுவனத்தின் தளத்தில் அம்மாநில வழக்கறிஞர் சங்கம் நடத்தியது. திரை உறைதல், தட்டச்சு தாமதம், சேமித்த விடை காணாமல் போதல் எனப் புகார்கள் குவிந்தன. தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்க மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. சங்கம் அந்த நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடர்ந்தது. வினாக்களில் சில செயற்கை நுண்ணறிவின் துணையோடு உருவாக்கப்பட்டவை என்ற தகவலும் பின்னர் வெளியானது.

சந்தேகிக்கும் கேமரா

மென்பொருள் நின்றுபோவது ஒரு வகைத் தோல்வி. நிற்காமல் ஓடிக்கொண்டே தவறான முடிவுக்கு வருவது இன்னொரு வகை. இதைக் கண்டுபிடிப்பது கடினம். கண் அசைவு, முகத் திருப்பம், பின்னணி ஒலி ஆகியவற்றைக் கொண்டு மென்பொருள் சந்தேகக் குறி இடுகிறது. 2020 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் தேர்வெழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் இவ்வாறு குறியிடப்பட்டனர். மனிதர்கள் மறுஆய்வு செய்தபோது அவர்களில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். கருமை நிறத்தவரின் முகத்தை மென்பொருள் அடையாளம் காணத் தவறுவதாக எழுந்த புகார்கள் குறித்து, அமெரிக்க செனட் உறுப்பினர்கள் சிலர் அதே ஆண்டு டிசம்பரில் இத்துறை நிறுவனங்களிடம் விளக்கம் கேட்டனர். இந்தியத் தேர்வர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல.

இங்கிலாந்தில் 2020 ஆகஸ்டில் நடந்த பாரிஸ்டர் தேர்வில், இருக்கையை விட்டு எழுந்தால் தேர்வு முடிந்துவிடும் என்ற அச்சத்தில் சிலர் புட்டியில் சிறுநீர் கழிக்க நேர்ந்தது.

இந்தியாவின் உரிமத் தேர்வுகள்

நிறுவனச் செயலர் படிப்பில் சேர்வதற்கான சிஎஸ்இஇடி தேர்வு 2020 ஆகஸ்ட் 29-ஆம் தேதி முதன்முறையாக வீட்டிலிருந்து எழுதும் முறையில் நடந்தது. தொழில்நுட்பத் தடங்கலுக்கு உள்ளானவர்களுக்கு ஆகஸ்ட் 31-ஆம் தேதி மறுவாய்ப்பு வழங்கப்பட்டது. பரஸ்பர நிதி விநியோகஸ்தர் உள்ளிட்டோர் பெற வேண்டிய என்ஐஎஸ்எம் சான்றிதழ்த் தேர்வுகளுக்கும், காப்பீட்டு முகவர் தேர்வுக்கும் தொலைநிலைக் கண்காணிப்பு அறிமுகமானது. சட்டப் பட்டதாரிகள் வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுதவேண்டிய அகில இந்திய பார் தேர்வு மட்டும் இன்றும் மையங்களில், ஓஎம்ஆர் தாளில்தான் நடக்கிறது.

பாதிக்கப்பட்டவருக்கு என்ன வழி?

கட்டணம் செலுத்தியதால் நுகர்வோர் நீதிமன்றத்தை நாடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். தேர்வு நடத்துவது சட்டபூர்வ வாரியத்தின் கடமை, அது நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் 'சேவை' அல்ல என்று பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. எனவே, தேர்வை நடத்தும் அமைப்பு அரசு சார்ந்ததாக இருந்தால், அரசியலமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்வதே பிரதான வழி.

2024 ஜூன் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பொதுத் தேர்வு முறைகேடுகள் தடுப்புச் சட்டம், தேர்வுச் சேவை வழங்கும் நிறுவனங்களுக்கு 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. ஆனால், அது திட்டமிட்ட முறைகேட்டுக்கான தண்டனை; சர்வர் செயலிழப்புக்கு அல்ல. அதன் அட்டவணையில் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், ரயில்வே, வங்கிப் பணித் தேர்வு அமைப்புகள், தேசிய தேர்வு முகமை போன்றவையே இடம்பெற்றுள்ளன.

ஒரு தனி நபர் தனக்கு நேர்ந்த கோளாறை மெய்ப்பிப்பது எளிதன்று. என்எல்ஏடி ரத்தான பிறகு செப்டம்பர் 28-ஆம் தேதி மையங்களில் நடந்த கிளாட் தேர்விலும், தாங்கள் தேர்ந்தெடுத்த விடைகளை மென்பொருள் மாற்றிப் பதிவு செய்ததாகச் சிலர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். தேர்வை ரத்து செய்ய மறுத்த நீதிமன்றம், குறைதீர்ப்புக் குழுவிடம் முறையிடுமாறு அக்டோபர் 9-ஆம் தேதி அறிவுறுத்தியது. மையத்தில் நடந்த கோளாறுக்கு அறைக் கண்காணிப்பாளரும் பக்கத்து இருக்கைத் தேர்வரும் சாட்சியாகலாம். வீட்டில் அந்தச் சாட்சி இல்லை. தேர்வு மென்பொருள் திரைப்பிடிப்பைத் தடுத்துவிடும். கைப்பேசியில் படம் எடுத்தால் அதுவே விதிமீறலாகக் கருதப்படும். எந்த நொடியில் என்ன நடந்தது என்ற சர்வர் பதிவோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தேர்வருக்கு எஞ்சுபவை, உதவி எண்ணுக்கு அழைத்த பதிவு, கோளாறு நேர்ந்த உடனே அனுப்பிய மின்னஞ்சல், மின்வாரியத்தின் மின்தடை அறிவிப்பு ஆகியவை மட்டுமே.

இதற்கிடையே, தேர்வு அமைப்புகள் சில பழைய முறைக்கே திரும்புகின்றன. கலிஃபோர்னியா 2025 ஜூலை தேர்வை மீண்டும் மையங்களில் நடத்தியது. இந்தியாவிலும் பலர் எழுதும் சர்வதேசக் கணக்காளர் தகுதியான ஏசிசிஏ, முறைகேடுகளைக் காரணம் காட்டி, 2026 மார்ச் முதல் வீட்டிலிருந்து எழுதும் வசதியை விதிவிலக்கான சூழல்களுக்கு மட்டும் வழங்குவதாக அறிவித்துள்ளது.